சொல்லாமல் விட்டதைக் காட்டும் கட்டளை

எங்கள் தொழிலில், சொன்னதைச் செய்து மெஷின் குழப்பியது குறைவு. நாம் சொல்லாமல் விட்டதை அதுவாக ஒன்று நினைத்துக்கொண்டு செய்ததில்தான் பாதி வம்பு வந்திருக்கிறது. சர்வர், நெட்வொர்க் என்று எதையாவது கட்டி மேய்க்கிறவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே பெருமூச்சு விடுவீர்கள். நீங்கள் என் இனம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

என் பெயர் கோமதி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில். மில்லின் தலைமை ஆபீஸும் முதல் யூனிட்டும் ராஜபாளையம், இரண்டாவது யூனிட் ஸ்ரீவில்லிபுத்தூர், பஞ்சு குடோன் மம்சாபுரம். மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரு பழைய யூனிக்ஸ் சர்வர் வெகு காலம் ஓடியது. யார் யார் வேலை பார்க்கிறார்கள், எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர், யார் எதைத் தொடலாம் என்கிற பட்டியல் எல்லாம் அதற்குள். இதைத்தான் நேமிங் சர்வீஸ் என்பார்கள். பெயர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை.

டீக்கடையில் “ஒரு டீ” என்றால் மாஸ்டர் சர்க்கரை போட்டுத்தான் தருவார். சர்க்கரை என்று நீங்கள் வாய் திறக்கவில்லை, அவராகப் போட்டுக்கொண்டார். சர்வரும் அப்படித்தான். நீங்கள் சொல்லாததை எல்லாம் அதுவாக ஒன்று வைத்து நிரப்பிக்கொள்ளும். என்ன வைத்து நிரப்பப்போகிறது என்று முன்கூட்டியே பார்க்க ஒரு கட்டளை இருந்தது. நிஸ்டிஃபால்ட்ஸ் என்று ஒரே சொல். அடித்தால் ஏழு வரி வரும்: நீ யார், எந்த யூனிட்டில் இருக்கிறாய், எந்தக் கம்ப்யூட்டர், எந்தக் குழு, நீ உருவாக்கும் பட்டியலை யாரெல்லாம் தொடலாம், ஒரு தகவல் எவ்வளவு நேரம் செல்லும், ஒரு பெயரை எந்த வரிசையில் தேடுவது. எதையும் மாற்றாது. காட்டும், அவ்வளவுதான். அந்த ஏழு வரியை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் காலம் தள்ளினேன்.

வேன் ஏறிய கம்ப்யூட்டர்

வேலைக்கு என்னைத் தேர்வு செய்தவர் ஜெனரல் மேனேஜர் ராஜா சார். ஐந்தரை அடி உயரம், ஆறடிக் குரல். அவசரம் வந்தால் வீட்டில் பேசும் தெலுங்கு நடுவில் எட்டிப்பார்க்கும். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். “ஒரு வாரமா இதுல பேல் ஸ்டாக், அதான் பஞ்சு மூட்டைக் கணக்கு, வரமாட்டேங்குது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஆளுக்கு ரெண்டு மணி நேரம் தட்டினாங்க. பஞ்சுப் பட்டியல் வரலை, இருந்த பிரிண்டரும் போச்சு” என்றார்.

நான் அந்த ஒரு சொல்லை அடித்தேன். ஏழு வரி வந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். “ஏம்மா, ஒண்ணும் செய்யலையா?” என்றார். “பார்த்துட்டு இருக்கேன் சார்” என்றேன். “பார்க்கிறதுக்கு ஒரு ஆளா?” என்று அவர் முகம் சுருங்கியது. இரண்டாவது வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அந்தப் பெட்டி போன வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்ததாம். ஆனால் டொமைன் என்ற வரியில் இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே இருந்தது. ராஜபாளையத்துப் பஞ்சை அது ஸ்ரீவில்லிபுத்தூரில் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை மாற்றித் திரும்பக் கிளப்பியதும் ஸ்டாக் பட்டியல் கடகடவென்று வந்தது.

ராஜா சார் திரையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இம்புட்டு தூரம் வேன்ல வந்திருக்கு, வந்தது அதுக்கே தெரியலையா!”

யாருமில்லாத சுப்பையா

மம்சாபுரம் குடோனில் சுப்பையா அண்ணாச்சிதான் எல்லாம். பஞ்சு வண்டி வந்தால் எடை போடுவார், பதிவு செய்வார், டிரைவருக்குத் தண்ணீர் தருவார். ஒரு நாள் காலை போன் பண்ணினார். பதிவு பண்ணவிடாமல் சர்வர் விரட்டுகிறது, வெளியே மூன்று லாரி நிற்கிறது என்றார். நான் ராஜபாளையத்தில். அந்த ஒரு சொல்லை அடித்து, வருவதை அப்படியே வாசிக்கச் சொன்னேன். முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார்: “பிரின்சிபல் நேம்… நோபடி. ஏம்மா, நோபடின்னா?”

யாருமில்லை என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதே குடோனில் முப்பது வருசமாக நிற்கிற மனுஷன். “நாந்தானே இங்க உக்காந்திருக்கேன். என்னைப் பார்த்து யாருமில்லைங்குதா?” என்றார். விளக்கினேன். உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டு, நுழைந்த ஆள் இவர்தான் என்று நிரூபிக்க இன்னொரு பாஸ்வேர்டு. முந்தின நாள் பாஸ்வேர்டைப் புதுசாக மாற்றும்போது இரண்டாவதை மாற்ற விட்டுப்போயிற்று. அதனால் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது சர்வருக்குத் தெரியும். யார் என்பது தெரியாது.

போனிலேயே சரிசெய்தோம். மறுபடியும் அடிக்கச் சொன்னேன். இந்தத் தடவை அவர் பெயர், பின்னால் யூனிட் பெயர், பின்னால் மில் பெயர் என்று முழுசாக வந்தது. எங்கள் முறையில் முழுப் பெயர் என்றால் கடைசியில் ஒரு புள்ளி இருக்கும். அதுதான் பெயர் முடிந்ததற்கு அடையாளம். அண்ணாச்சி அந்தப் புள்ளியையும் விடாமல் வாசித்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரிம்மா, பேருக்குப் பின்னால புள்ளி வச்சிருக்காவளே, இத்தோட நம்ம கதையை முடிச்சிட்டாவளா?”

பன்னிரண்டு மணி நேரம்

எனக்குக் கேபிள் இழுத்துத் தருகிறவர் முனியாண்டி. மில்லின் எலக்ட்ரீசியன், ஊர் கூமாப்பட்டி. ஏணியில் நின்றுகொண்டே தத்துவம் பேசுவார். ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில் மேனேஜர் அறையில் இருந்த பிரிண்டரை அவரும் நானும் பேக்கிங் ஹாலுக்கு மாற்றினோம். மேனேஜர் அறைக்குப் புதுசு ஒன்று வைத்தோம். காலை ஒன்பது மணிக்கே பெயரை மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். வேலை முடிந்தது என்று ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பதினொரு மணிக்கு ராஜா சார் தலைமை ஆபீசிலிருந்து தேர் அன்றைக்கு லீவு கேட்டவர்கள் பட்டியலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேனேஜர் பிரிண்டருக்கு அனுப்பினார். யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்று பக்கத்தில் டிக் போட்ட பட்டியல். அது நேராகப் பேக்கிங் ஹாலில் வந்து விழுந்தது. மேனேஜர் கண்ணில் படுவதற்கு முன்னால் அறுபது பேர் படித்துவிட்டார்கள். லீவு இல்லை என்று போட்டிருந்த ஒன்பது பேர் மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். “ஊரே வடம் பிடிக்கும், நாங்க மட்டும் அட்டைப்பெட்டி ஒட்டணுமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் ராஜா சார் ராஜபாளையம் ஆட்களை அன்றைக்கு மாற்றி அனுப்பி, ஒன்பது பேருக்கும் லீவு கொடுத்தார்.

காரணம், ஏழு வரியில் ஆறாவது: டைம் டு லிவ், பன்னிரண்டு மணி நேரம். ஒரு தகவலை ஒரு தடவை வாங்கிய கம்ப்யூட்டர் அவ்வளவு நேரம் அதையே நம்பிக்கொண்டிருக்கும். ராஜா சாருடைய பெட்டிக்கு அன்று ராத்திரி வரைக்கும் பழைய பிரிண்டர்தான் மேனேஜர் பிரிண்டர். முனியாண்டியிடம் இதை விளக்கினேன். ஏணியிலிருந்து ஒரு படி இறங்கி நின்று சொன்னார்: “பழசை மறக்கப் பன்னெண்டு மணி நேரந்தானா மேடம்? எங்க வீட்டம்மா மச்சினன் கல்யாணத்துல நடந்ததை மூணு வருசமா வச்சிருக்கா.”

இரண்டு மாரியப்பன்

இது நான் செய்த தப்பு. மற்றவர்கள் தப்பை எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டால் நன்றாக இருக்காது.

ஊழியர்களின் வீட்டுப் போன் நம்பரை எல்லாம் சர்வரில் ஒரு பட்டியலாக நான்தான் போட்டுக்கொடுத்தேன். பெயரைச் சொன்னால் நம்பர் வரும். ஒரு சௌகரியத்துக்காக, எல்லாக் கம்ப்யூட்டரிலும் தேடும் வரிசையை முதலில் ராஜபாளையம், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வைத்திருந்தேன். வைத்ததை மறந்தும்விட்டேன். ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் மாரியப்பன் என்பவருக்குக் கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலில் நல்ல அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு, டைம் ஆபீசில் பெயரை அடித்து வீட்டுக்குச் சொன்னார்கள். நம்பரை எடுத்த பெண்மணி அழுதுகொண்டே ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் ராஜபாளையம் யூனிட் மாரியப்பனின் மனைவி செல்வி. தேடும் வரிசையில் முதலில் கிடைத்த மாரியப்பன் அவர் வீட்டுக்காரர். அவரோ அந்த நேரம் எங்கள் கேண்டீனில் சாம்பார் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடிபட்டவர் வீட்டுக்குத் தகவல் போனது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

அடிபட்டவருக்குத் தையல் போட்டு, விரல் இரண்டும் தப்பித்து, இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அடிபட்ட அன்றே அவரையும் அவர் வீட்டு ஆட்களையும் நேரில் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு செல்வியைப் பார்க்க மில் வாசலுக்கு வந்தேன். ஆட்டோவில் திரும்பி வந்து புருஷனைக் கண்ணால் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவோடு போனேன். அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த மனுசன் சாம்பார் போதலைன்னு சொன்னதைக் கேட்டு இம்புட்டு சந்தோசப்பட்டது இன்னைக்குத்தாம்மா. ஆனா இன்னொரு தடவ என்னை இப்படிச் சந்தோசப்படுத்திராதிய.”

ஒட்டிய தாள்

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்: சர்வரில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் ஏழு வரியைப் பார்க்க வேண்டும், நான் உட்பட. தேடும் வரிசையை யூனிட்டுக்கு ஏற்றபடி மாற்றினேன். பெயரோடு ஊழியரின் டோக்கன் நம்பரும் கேட்கும்படி செய்தேன். பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதி எல்லாக் கம்ப்யூட்டர் மேலேயும் ஒட்டினேன். கட்டளையை அடிப்பதற்கு முன்னால் பார் என்கிற அர்த்தத்தில்தான் எழுதினேன். மறுநாள் முனியாண்டி வந்து நின்றார். “மேடம், ‘முதலில் பார், பிறகு அடி’ன்னு ஒட்டியிருக்கிய. மில்லுல சூப்பர்வைசர் எல்லாம் கம்பெடுக்கப் போறாங்களான்னு ஆளுக கேக்குதாவ.”

சென்னையிலிருந்து வந்தவர்

பழைய சர்வரில் இருப்பதைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். அதற்குச் சென்னையிலிருந்து ஹரீஷ் என்று ஒருவர் வந்தார். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் ஒரு வாரம் செய்வதை ஒன்றரை நாளில் செய்தார். விரல் கீபோர்டில் நடக்காது, பறக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில் அவருக்கு ஒரு மேசை. சோதனை செய்து பார்க்கத் தனியாக ஒரு பெட்டி, அதில் பொய்ப் பெயர்கள் நிறைந்த டெஸ்ட் பட்டியல். அவர் லேப்டாப் திரையில் கட்டளை அடிக்க இரண்டு கறுப்பு ஜன்னல். ஒன்று டெஸ்ட் பெட்டிக்குள் போகும். மற்றது நிஜ சர்வருக்குள் போகும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

என் தாளைக் காட்டி, ஒவ்வொரு தடவையும் ஏழு வரியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள் என்றேன். மரியாதையாகத்தான் சிரித்தார். “இந்தக் கமாண்டை நான் புஸ்தகத்துலதான் மேடம் பார்த்திருக்கேன்” என்றார். நானும் விடவில்லை. “புஸ்தகத்துல இருக்கிறதைக் கையாலயும் ஒரு தடவ அடிச்சுப் பாருங்களேன்” என்றேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், கோபப்படவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: “நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதா மேடம்?”

நாற்பத்திரண்டு பேரைக் காணோம்

நான்காம் நாள் காலை ஷிப்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில் ஒருத்தரும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. நுழையும் உரிமை உள்ள நாற்பத்திரண்டு பேரின் பெயரும் பட்டியலில் இல்லை. தரக்கட்டுப்பாடு, ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் எல்லாம் நின்றது. நூல் ஏற்றிய லாரிகள் கேட்டில் நின்றன. என்னிடம் முந்தின நாள் பிரதி இருந்ததால் பத்தரை மணிக்குள் எல்லாப் பெயரையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அதற்குள் வேறு ஒன்று ஆரம்பித்திருந்தது.

அந்த யூனிட் ஆட்களில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் உரிமை கொடுத்திருந்தது பேச்சியம்மாள் ஒருத்திக்குத்தான். டைம் ஆபீஸ் கிளார்க். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவளை மம்சாபுரம் குடோனுக்கு மாற்றி ராஜா சார் உத்தரவு போட்டிருந்தார். வீட்டில் படுக்கையில் கிடக்கிற மாமனாருக்கு மத்தியானம் போய்ச் சோறு கொடுக்க வேண்டும், அங்கிருந்து வந்துபோக முடியாது என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சண்டை போட்டிருந்தாள். எனவே கணக்கு நேராகப் பொருந்திவிட்டது. கோபத்தில் அழித்துவிட்டாள் என்று கேண்டீன் வரை பேச்சு. யார் என்ன மாற்றினார்கள் என்று எழுதிவைக்கிற லாக், வழக்கப்படி அன்று விடியலில்தான் காலியாகியிருந்தது. அதையும் அவள்தான் செய்தாள் என்றார்கள். ராஜா சார் நண்பகலில் விசாரணை என்று சொல்லிவிட்டார். சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆகிவிட்டது என்று முனியாண்டி என் காதில் சொன்னார்.

நான் டைம் ஆபீசுக்குப் போனேன். மூன்று பேர் உட்காரும் அறையில் அவள் மட்டும் இருந்தாள். மற்ற இருவரும் வெளியே நின்றார்கள். மேசை டிராயரைக் காலி செய்து ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சீப்பு, மாத்திரை அட்டை, தம்ளர். நான் அவளை எனக்குத் தெரிந்த நாளாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். “ஏட்டி பேச்சி, நீ செஞ்சியா?” என்று கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா, நான் அழிக்கிறதா இருந்தா ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அழிச்சிருப்பேன். ஒங்களுக்குத்தானே பொறவு வேலை.”

விசாரணை

ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் செய்தது எப்போதும் செய்வதைத்தான். அழிந்துபோன பட்டியலை யாரெல்லாம் தொடலாம் என்று முதலில் பார்த்தேன். ஒருத்திக்கு மட்டும் இருக்க வேண்டிய உரிமை எல்லாருக்கும் திறந்து கிடந்தது. இரண்டு நாள் முன்பு ஹரீஷ் அந்தப் பட்டியலை மறுபடி உருவாக்கியிருந்தார். நேராக அவர் மேசைக்குப் போனேன். “ஹரீஷ், தயவுசெஞ்சு ரெண்டு ஜன்னல்லயும் அந்த ஒரு சொல்லை அடிங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை சிரிக்காமல் அடித்தார். இடது ஜன்னலில் டொமைன் என்ற வரியில் டெஸ்ட் என்று வந்தது. வலது ஜன்னலில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வந்தது. உரிமை என்ற வரியில், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், சேர்க்கலாம், அழிக்கலாம் என்று இருந்தது. அவசரத்துக்கு அவரே வைத்துக்கொண்ட அமைப்பு. பிறகு அவராகவே வலது ஜன்னலில் முந்தின நாள் அடித்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. சாயங்காலம் டெஸ்ட் பட்டியலைக் காலி செய்யும் கட்டளை. எந்த இடத்துப் பட்டியல் என்று அதில் சொல்லியிருக்கவில்லை. சர்வர் அதுவாக ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நினைத்துக்கொண்டது.

அவர் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே ஜன்னலை மூடியிருக்கலாம். மூடவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என்னோடு விசாரணை அறைக்கு வந்தார். ராஜா சார், எதிரே பேச்சியம்மாள், மடியில் அந்தக் கட்டைப்பை. ராஜா சார் என்னைப் பார்த்து, “செப்பம்மா, சீக்கிரம் சொல்லு” என்றார். நான் வாய் திறக்கும் முன் ஹரீஷ் லேப்டாப்பை மேசையில் வைத்தார். “சார், அழிச்சது நான். ஜன்னல் மாறிப்போச்சு. அவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லை. கோமதி மேடம் முதல் நாளே பார்க்கச் சொன்னாங்க, நான் பார்க்கலை” என்றார். சென்னைக்காரர் மேல் எனக்கு இருந்த கடுப்பு எல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது.

ராஜா சார் அந்த ஏழு வரியை இரண்டு தடவை படித்தார். டைப் செய்து வைத்திருந்த காகிதத்தை நான்காகக் கிழித்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்று கேட்டார். பேச்சியம்மாளும் எழுந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். பையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: “மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை சார். அந்த மம்சாபுரம் ஆர்டரை மட்டும் அழிச்சிருங்க.”

படிக்க மட்டும்

அழித்தார்கள். பேச்சியம்மாள் இன்றும் அதே டைம் ஆபீசில் இருக்கிறாள். மாமனாருக்கு மத்தியானச் சோறு நேரத்துக்குப் போகிறது. ஹரீஷ் மீதி வேலையை ஒவ்வொரு தடவையும் ஏழு வரியை வாய்விட்டு வாசித்துத்தான் முடித்தார். அவர் வாசிப்பதைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. புது சர்வர் வந்தது, பழையதை முனியாண்டி கழற்றி ஸ்டோர்ஸில் வைத்தார். புதியதில் பெயர் பார்க்கும் முறையே வேறு. எங்கள் கட்டளை அதில் கிடையாது. முதல் நாள் பழக்க தோஷத்தில் எல்லாரும் அந்தச் சொல்லை அடித்து, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வாங்கினார்கள். மம்சாபுரத்திலிருந்து சுப்பையா அண்ணாச்சி போன் பண்ணி, “அந்த ஏழு வரி இல்லாம எனக்குக் கை ஓடமாட்டேங்குதும்மா” என்றார். எனக்கும்தான் ஓடவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து புது சர்வருக்கு அதே பெயரில் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். யார், எந்த யூனிட், எந்தப் பெட்டி, எந்த உரிமை, எந்த வரிசையில் தேடும் என்று புதிய முறையிலிருந்து எடுத்து அதே வரிசையில் காட்டும். ஹரீஷுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். நிரலை அனுப்புங்கள், மற்ற ஊரிலும் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். புது சர்வரைத் தொடங்கிவைக்கும் அன்று ராஜா சார் தானே முதலில் அடிப்பேன் என்று உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். வரிகள் வந்தன. பெயர் சரி, யூனிட் சரி. உரிமை என்ற வரியில் கண் நின்றது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என்று புது முறையில் நான் கண்டிப்பாக வைத்திருந்தேன். “ஏம்மா, நான் ஜெனரல் மேனேஜர். எனக்குப் படிக்க மட்டுந்தானா?” என்றார். ஆமாம் சார் என்றேன். பின்னால் நின்ற பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜா சார் அவளைத் திரும்பிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரி, அப்படியே இருக்கட்டும். ஆர்டர் போடுற கை செத்த நேரம் படிக்கட்டும்.”

மெஷின் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சொல் போதும், பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஒரு விசாரணையே தேவைப்பட்டது.